ஒன்றாம் இடத்துக்கு எந்த அல்பம்

கட்டாரில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு நான் கல்முனைக்குத் திரும்பி வந்தபோது, கொண்டுவந்த சாமான்களில் ஒன்று மட்டும் உம்மாவுக்கு விளங்கவில்லை. ஒரு பிஸ்கட் டின் நிறைய சீடீக்கள்.

"இது என்ன, மௌலவிமார்ட பயானா?" என்று கேட்டா.

"இல்ல உம்மா, பாட்டு."

"இவ்வளவுமா?"

ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னா. அரை நிமிடம் நின்று கேட்டுவிட்டு, "ஆரோ அடிபடுறானுகள்" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டா.

அவ சொன்னது முழுப்பொய் என்று சொல்ல முடியாது. அங்கே என் அறையில் இருந்த பிலிப்பீன்காரன் வெள்ளிக்கிழமைகளில் உடுப்புத் தோய்த்துக்கொண்டே போடும் பாட்டுகள் அவை. முதல் இரண்டு மாதம் எனக்கும் அது அடிபாடாகத்தான் கேட்டது. பிறகு அவன் பிரித்துக் காட்டினான். கிட்டாரும் ட்ரம்ஸும் தலைதெறிக்க ஓட, உச்சக் குரலில் ஒருத்தன் வாள், அரசன், மலை, குதிரை என்று பாடினால் அது பவர் மெட்டல். அதே கிட்டாருக்குப் பின்னால் நூறு வயலின், நாற்பது பேர் கோரஸ், நடுவில் ஒபேரா மேடையில் பாடுவதுபோல ஒரு பெண்குரல் வந்தால் அது சிம்பொனிக் மெட்டல். ஒரு மத்தியானம், நாற்பத்தைந்து பாகை வெயிலில் வேலை முடிந்து வந்து கட்டிலில் விழுந்து கிடந்தபோது, அந்தப் பெண்குரல் ஒன்று மெதுவாக மேலே ஏறி, ஏறின இடத்திலேயே நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. அதிலிருந்து நான் அவனுடைய ஆள்.

ஊருக்கு வந்து, பிரதான வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்பியூட்டர் வகுப்பில் படிப்பிக்கச் சேர்ந்தேன். அங்கே எனக்கு முதலே ஒருத்தன் படிப்பித்துக்கொண்டிருந்தான். என் வயசு. தமிழன், கல்முனைக் கடற்கரைப் பக்கம் வீடு. தகப்பன் மீன்பிடிகாரர், அவர் காலமாகிச் சில வருடம். அக்கா கல்யாணம் முடித்து மட்டக்களப்பில். வீட்டில் தாயும் அவனும் மட்டும்தான். தம்பி ஒருத்தன் இருந்தான். பள்ளிக்கூடம் போகிற வயசில் இயக்கத்துக்குப் போனவன். கிழக்கில் இருந்த பொடியன்கள் நிறையப் பேர் வீடு திரும்பின காலத்திலும் அவன் திரும்பவில்லை. வன்னியில் இருக்கிறான் என்று மட்டும் கேள்வி.

இதை அவனே முதல் கிழமையில் எனக்குச் சொன்னான். நானும் என்னுடையதைச் சொன்னேன். என் மாமாவை, உம்மாவின் காக்காவை, தொண்ணூறில் வயலில் வைத்து அதே இயக்கம்தான் சுட்டது. வரம்பில் கிடந்த ஜனாஸாவைக் கொண்டுவரவே இரண்டு நாள் போனது. நான் சொல்லி முடித்ததும் அவன், "தேத்தண்ணி குடிப்பமா?" என்றான். குடித்தோம். கல்முனைக்குள் முஸ்லிம் பக்கத்துக்கும் தமிழ்ப் பக்கத்துக்கும் இடையில் ஒரு ஒழுங்கைதான், ஒரு ஒடுங்கின தெரு. அந்த ஒழுங்கையில் ஒரு சண்டை வந்தால் கடைகள் பூட்டும், பஸ் நிற்கும். வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் ஒரு பக்கத்தார் மட்டும் வருவார்கள். அப்படிப்பட்ட நாட்களில்கூட நாங்கள் இரண்டு பேரும் மாடிக்கு வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருப்போம். அப்படி ஒரு சும்மா நாளில்தான் நான் அவன் காதில் ஹெட்போனை மாட்டினேன்.

அவன் ஒரு அல்பத்தை முழுசாகக் கேட்டான். எழும்பவில்லை. முடிந்ததும், "இன்னொரு தரம் போடு" என்றான்.

ட்ரம்ஸ்தான் அவனைப் பிடித்தது என்று நினைத்தேன். அவன் சொன்னது வேறு. "இந்தப் பெரிய சத்தத்துக்குள்ள ஒவ்வொருத்தனும் தன்ட வேலைய மட்டும் செய்யிறான் மச்சான். ஒருத்தனும் ஒருத்தன மிதிக்கல்ல."

பட்டியல் அவனுடைய யோசனை. வருட முடிவில் அந்த வருடத்தின் சிறந்த பத்து அல்பம். ஒரு கொப்பி வாங்கினான். விதிகளும் அவனே எழுதினான். ஒரு அல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, தாண்டாமல், மூன்று தரம் கேட்டிருக்க வேண்டும். ஒருத்தன் மட்டும் கேட்டது கணக்கில் இல்லை. இரண்டு பேரும் தனித்தனியே பத்து எழுதி, பிறகு சண்டை பிடித்து ஒன்றாக்க வேண்டும். முக்கியமான விதி, பொய் எழுதக் கூடாது. பிடிக்காததைப் பிடித்தது என்றும், பிடித்ததைப் பிடிக்கவில்லை என்றும்.

முதலாவது சிக்கல் 'வருடம்' என்ற சொல்லிலேயே வந்தது. அந்தப் பாட்டுகள் எங்களுக்கு வந்து சேரும் வழி இரண்டு. வகுப்பிலிருந்த டெலிபோன் லைனில் இன்டர்நெட் போட்டு இறக்குவது; ஒரு பாட்டு இறங்க ஒரு பாடமே முடிந்துவிடும். மற்றது, பிலிப்பீன்காரன் வருடத்துக்கு இரண்டு தரம் தபாலில் அனுப்பும் பார்சல். இரண்டிலும் புதுசு எது பழசு எது என்று தெரியாது. கடைசியில், எங்களுக்குக் கல்முனைக்கு எந்த வருடம் வந்ததோ அதுதான் அந்த அல்பத்தின் வருடம் என்று தீர்த்தோம். உலகத்துக்கு அது எப்போது வந்திருந்தால் எங்களுக்கென்ன.

பெயர்களும் அப்படித்தான். கொப்பி பண்ணின சீடீயில் பெயர் இருக்காது. இன்டர்நெட்டில் அட்டைப் படத்தை மட்டும் பார்த்திருப்போம். அதனால் படத்தை வைத்தே கூப்பிட்டோம். வெள்ளைக் குதிரை, மூன்று நிலா, கண்ணில்லாத ராணி. வகுப்புப் பிள்ளைகள் நாங்கள் ஏதோ சினிமாப் படத்தைப் பற்றிக் கதைக்கிறோம் என்று நினைப்பார்கள். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினால், நான் கை வைப்பதற்கு முதலே அவன் பாட்டை நிறுத்திவிடுவான். என் மாமி மகன் மச்சினன் ஒருத்தன், "இது பேய்ப்பாட்டு, ஹறாம்" என்று எனக்கு நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குக்கூட இந்த நிறுத்தம் பிடித்திருந்தது.

சுனாமி வந்த வருடத்தில் ஒன்பது இடமும் முடிவாகிவிட்டது. ஒன்றாம் இடம் மட்டும் பாக்கி. நான் வெள்ளைக் குதிரை என்றேன். அவன் கப்பல் என்றான். கப்பல், ஒரு சிம்பொனிக் அல்பம். புயலில் அகப்பட்ட ஒரு கப்பலின் கதை. அதில் கோரஸ் முழுக்க அலை மாதிரி வரும். "இத எழுதினவன் கடலில போயிருக்கான்" என்று அடித்துச் சொன்னான். "அலை அடிச்சு முடிஞ்சா ஒரு நிப்பாட்டு இரிக்கும். அதுக்குப் பிறகுதான் தண்ணி இழுக்கும். அந்த நிப்பாட்ட இவன் பாட்டில வெச்சிரிக்கான் பார்." எனக்கு அது விளங்கவில்லை. நான் கரையில் கால் நனைத்தவன் மட்டும்தான்.

அவன் கப்பலை மூன்றாம் தரம் என்னோடு இருந்து கேட்க வேண்டும் என்றான். ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறை, வகுப்பு இல்லை. பத்து மணிக்கு வருகிறேன் என்றான். எனக்கு அன்று பகல் நிந்தவூரில் ஒரு கல்யாணச் சாப்பாடு இருந்தது.

"பத்துக்கு ஏலா. எட்டரைக்கு வா" என்றேன்.

"அம்மாக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நான் காலச் சாப்பாட்டுக்கு வீட்டில நிக்கிற."

"சாப்பிட்டுட்டு வா. இந்தா இரிக்கிற தூரம்."

எட்டரைக்கு வந்தான். பிட்டுச் சாப்பிட்டுவிட்டு சைக்கிளில் வந்திருந்தான். கொப்பியை மேசையில் வைத்தான். ஒரு கம்பியூட்டரில் இரண்டு ஹெட்போன் மாட்டி, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கேட்கத் தொடங்கினோம்.

அதனால்தான் வீதியில் சனம் ஓடிய சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. நாலாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது. ஹெட்போனைக் கழற்றினபோதுதான் கேட்டது. ஜன்னலால் பார்த்தோம். வீதி முழுக்க மேற்கே ஓடுகிற சனம். முக்காடில்லாத பெண்கள், ஈர உடுப்பு, கையில் பிள்ளைகள். யாரோ, "கடல் வருது, கடல் வருது" என்று கத்திக்கொண்டே போனார்கள்.

"கடல் எப்பிடி வரும்?" என்று அவன் என்னைப் பார்த்துக் கேட்டான். மீன்பிடிகாரனின் மகன் என்னிடம் கேட்டான்.

அடுத்த கணம் படியால் இறங்கினான். நான் பின்னால் போய்க் கீழ்ப்படியில் அவனைப் பிடித்தேன். எதிர் ஒழுங்கையால் கறுப்புத் தண்ணீர், கதவு, அலுமாரி, ஓலை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வீதியை நோக்கி வந்தது. அவன் உதறினான். நான் இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் எங்கள் முழங்கால் வரை வந்து நின்றது. பிறகு இழுத்தது. எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று தெரியாது. கடைசியில் அவன் என் கையைக் கடித்துவிட்டுத்தான் ஓடினான்.

அவன் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் சாச்சியும் அவவின் இரண்டு பிள்ளைகளும் மௌத்து. அவர்களுடைய ஜனாஸாக்களைத் தேடி ஆசுபத்திரி முற்றத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களுக்குள் நான் மூன்றாம் நாள் நடந்துகொண்டிருந்தபோது அவனுடைய தாயைக் கண்டேன். அவவின் கையால் நான் எத்தனையோ தரம் சாப்பிட்டிருக்கிறேன். முகத்தைக் கொண்டு சொல்ல முடியவில்லை. இடது கையில், எண்ணெய் தெறித்துச் சுட்ட ஒரு பெரிய அடையாளம் இருந்தது. அதை எனக்குத் தெரியும். பாடசாலையில் இருந்த முகாமுக்குப் போய் நான்தான் அவனிடம் சொன்னேன். சொல்லும்போது அவன் ஒரு போத்தல் தண்ணீரை மூடி திறக்க முடியாமல் திருகிக்கொண்டிருந்தான். நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். குடித்துவிட்டு என்னோடு வந்தான்.

சித்திரை மாதம் அவன் மறுபடி வகுப்புக்கு வந்தான். படிப்பித்தான். சிரிக்கவும் செய்தான். பாட்டு மட்டும் இல்லை. நானும் போடவில்லை. பிலிப்பீன்காரனின் பார்சல் வந்தது, பிரிக்காமல் மேசைக்குக் கீழே வைத்தேன். அவன் அதைக் கண்டான், ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஒரு அஸர் தொழுகைக்குப் பிறகு, பிள்ளைகள் போனபின், அவன் மேசை லாச்சியைத் திறந்து அந்தக் கொப்பியை எடுத்தான்.

"இது முடியாமக் கிடக்கு" என்றான்.

"கிடக்கட்டும்."

"வெள்ளக் குதிரைய ஒண்டாம் இடத்தில எழுது."

"உனக்கு அது ரெண்டாவதுதானே."

"கப்பல எனக்குக் கேட்க ஏலாது. நான் வாடக அறையில தனிய இருந்து போட்டுப் பார்த்த. முதல் பாட்டே முடியல்ல. கேட்க ஏலாத ஒண்ட எப்பிடி ஒண்டு எண்டு எழுதுற? விதி விதிதான்."

எழுதினேன். வாதத்தில் வென்றதற்கு இவ்வளவு கூச்சம் எனக்கு முதலும் பிறகும் வந்ததில்லை. எழுதி முடித்ததும் அவன் ஜன்னலடிக்குப் போய் நின்றுகொண்டு, முதுகைக் காட்டியபடி சொன்னான்.

"நீ எட்டரைக்கு எண்டு இழுக்காட்டி நான் வீட்டில நிண்டிருப்பன்."

இந்த வார்த்தைக்காக நான் ஒரு வருடமாகக் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நிண்டிருந்தா நீயும் போயிருப்பாய்" என்றேன்.

"அம்மாவத் தூக்கியிருப்பன்."

"தூக்கியிருப்பாய்."

"ஏலாமலும் போயிருக்கும்."

"ஓம். அதுவும்தான்."

"உன்ன ஏசவும் ஏலா, உனக்கு நன்றி சொல்லவும் ஏலா. என்ன செய்யிற எண்டு எனக்கு விளங்கல்ல மச்சான்."

கீழ்ப்படியில் நான் அவனைப் பிடித்து வைத்ததைப் பற்றி அவன் அன்றும் கதைக்கவில்லை, இன்று வரையும் கதைத்ததில்லை. எட்டரையைப் பற்றித்தான் கதைத்தான். கொஞ்ச நேரத்தால் திரும்பி வந்து, மேசைக்குக் கீழே குனிந்து பார்சலை இழுத்து, "இதில என்ன வந்திரிக்கு?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பட்டியல் போட்டோம். சண்டை மறுபடி தொடங்கிய காலம் அது. நான் அதற்குள் நிந்தவூரில் கல்யாணம் முடித்து, பெண் வீட்டோடு இருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். காரைதீவுக்கு அங்கால் எங்கே நிறுத்துவார்கள், எங்கே இறக்கி நடக்க விடுவார்கள் என்று ஒரு நாளும் சொல்ல முடியாது. ஒருநாள் தபால் கந்தோரில் பார்சலை எடுத்துக்கொண்டு வரும்போது ஒரு ஆமிக்காரன் பையைத் திறக்கச் சொன்னான். மேலே, பிலிப்பீன்காரன் அந்தத் தரம் அச்சடித்து வைத்திருந்த அட்டைப் படத்தில் ஒரு மண்டையோடும் இரண்டு வாளும். அவன் என்னைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பாட்டு என்றேன். நம்பவில்லை. என் கையில் இருந்த சின்ன சீடீ பிளேயரில் போட்டு அவன் காதில் வைத்தேன். அவனுக்கு இருபது வயசுகூட இருக்காது. கண்ணை மூடித் திறந்து, "இதுவும் பாட்டா?" என்று சிங்களத்தில் கேட்டான். பிறகு போ என்று கையைக் காட்டினான். ஆனால் ஹெட்போனைத் திருப்பித் தர அவனுக்கு இன்னும் ஒரு நிமிடம் எடுத்தது.

அந்த அல்பத்தை இரண்டு பேரும் கேட்டு முடித்தபின் நண்பனிடம் இதைச் சொன்னேன். "எந்தப் பாட்டக் குடுத்தாய்?" என்று அதைத்தான் முதலில் கேட்டான். சொன்னேன். "ஐயோ, ரெண்டாவதக் குடுத்திரிக்கணும்" என்றான்.

அந்த வருடங்களில் அவன் தம்பியைப் பற்றி இரண்டு செய்தி வந்தது, இரண்டும் ஆட்கள் வழியாக. காலில் காயம் என்று ஒன்று. கிளிநொச்சியில் கண்டேன் என்று ஒன்று. இரண்டாயிரத்து எட்டின் கடைசியிலிருந்து ஒன்றும் இல்லை. வானொலி மட்டும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஊர்ப் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தது. அவன் வகுப்புச் சுவரில் இருந்த இலங்கைப் படத்தைக் கழற்றி மேசைக்குப் பின்னால் வைத்தான்.

சண்டை முடிந்தது என்று அறிவித்த அன்று நாங்கள் இரண்டு பேரும் வகுப்பில்தான் இருந்தோம். சந்தியில் வெடி கொளுத்தினார்கள். வீதியில் வாகனங்கள் கொடி கட்டிக்கொண்டு ஹோர்ன் அடித்துப் போயின. அவன் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு கூட்டல் கணக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். வெடிச் சத்தத்தில் அவன் குரல் கேட்கவில்லை. நிறுத்தவில்லை, உரத்துச் சொன்னான். பாடம் முடியும் வரை உரத்துச் சொன்னான். பிள்ளைகள் போன பிறகு நாற்காலியில் இருந்து என்னைக் கேட்டான்.

"உனக்குச் சந்தோசம்தானே?"

அன்று காலை உம்மா, மாமாவின் பெயரைச் சொல்லி அழுதுவிட்டு இரண்டு ரக்காத் தொழுதிருந்தா. என் நெஞ்சில் இருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கினது எனக்குத் தெரியும். அதை அவனிடம் எப்படி ஒளிப்பது?

"இல்ல எண்டு சொல்ல ஏலாது" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "முடிஞ்சது நல்லந்தான். நானும் அதத்தான் சொல்றன். ஆனா அவன் எங்க?"

ஐப்பசியில் பிலிப்பீன்காரனின் பார்சல் வந்தது. அதில் இருந்தது கோட்டை. நான் என் வாழ்நாளில் கேட்ட பவர் மெட்டலில் அதற்கு ஈடான ஒன்றை அதற்கு முன் கேட்டதில்லை. முற்றுகையிட்ட ஒரு கோட்டை, அதை மீட்க வரும் ஒரு அரசன். கடைசிப் பாட்டு பன்னிரண்டு நிமிடம். அரசன் வெல்கிறான். மணி அடிக்கிறது, சனம் ஆரவாரிக்கிறது, ட்ரம்ஸ் வெடி மாதிரி வெடிக்கிறது. நான் முதல் தரம் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. அதே நிமிடம் வைகாசியில் வீதியில் கேட்ட வெடியும், உரத்துப் பாடம் சொன்ன அவன் குரலும் ஞாபகம் வந்தது.

விதிப்படி அவனுக்கும் கொடுத்தேன். மூன்று தரம் கேட்டான். மார்கழியில் தனித்தனியாகப் பத்து எழுதினோம். என்னுடைய பத்தில் கோட்டை இல்லை. ஒன்றாம் இடத்தில் ஒரு சிம்பொனிக் அல்பத்தை எழுதினேன். அமைதியான ஒன்று, மழையும் காடும் பற்றியது. நல்ல அல்பம்தான்.

தாள்களை மாற்றிக்கொண்டோம். அவனுடையதில் முதல் வரியைப் பார்த்தேன். கோட்டை.

அவன் என்னுடையதை மேலிருந்து கீழே பார்த்தான். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான், அங்கே ஏதும் எழுதியிருக்கிறேனா என்று.

"கோட்டை எங்க?"

"எனக்கு அவ்வளவாப் பிடிக்கல்ல."

"பொய் சொல்லாத. உனக்குப் பிடிக்கும் எண்டு எனக்குத் தெரியும். நீ கேட்கக்குள்ள உன்ட கால் ஆடுறத நான் கண்ட."

நான் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

"எனக்காகத் தூக்கினாயா?"

"ஓம்."

அவன் கோபப்பட்டு நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். அன்று முகம் கறுத்துவிட்டது. "கப்பல நான் தூக்கினது என்ட காதால. எனக்குக் கேட்க ஏலாமப் போச்சு. நீ கோட்டையத் தூக்கினதும் என்ட காதாலதான். உன்ட காது எங்க?" என்றான். "ஊரில எல்லாரும் என்னோட மெதுவாக் கதைக்கானுகள். கடையில, பஸ்ஸில, அக்காட வீட்டில. தம்பிட பேரச் சொல்லாமச் சுத்திச் சுத்திக் கதைக்கானுகள். இந்தக் கொப்பி ஒண்டிலதான் பொய் இல்ல எண்டு நினைச்சிரிந்தன்."

"உனக்கு எப்பிடி அத ஒண்டாம் இடத்தில வைக்க ஏலுமாயிரிந்த?" என்று கேட்டேன். உண்மையாகவே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவன் கொஞ்சம் யோசித்தான். "முதல் தரம் கேட்கக்குள்ள ஏலல்ல. ரெண்டாம் தரம் கடைசிப் பாட்டில அழுத. மூணாந்தரம் பாட்டாக் கேட்டிச்சு. நல்ல பாட்டு. அந்த ட்ரம்ஸ்காரன் எங்கயோ ஒரு குளிர் ஊரில, ஒரு அறைக்குள்ள இருந்து, தன்ட வேலையச் செஞ்சிரிக்கான். எங்கட ஊர அவனுக்குத் தெரியுமா? அவனுக்கு நான் என்னத்துக்கு மார்க் குறைக்கிற?"

"எனக்கு அந்த வெடிச் சத்தம் ஞாபகம் வருது" என்றேன்.

"அப்ப அத எழுது. எனக்கு இதால கேட்க ஏலல்ல எண்டு எழுது. பிடிக்கல்ல எண்டு எழுதாத."

என் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். கோட்டையை முதலில் போட்டேன். பிறகு ஒரு வரி சேர்த்தேன், கடைசிப் பாட்டை எப்போது கேட்டாலும் சந்தியில் கேட்ட வெடி எனக்குக் குறுக்கே வருகிறது, அதில் நான் சந்தோசப்பட்டேன் என்பதும் வருகிறது என்று. அவன் அதை வாசித்தான். கொப்பியில் பிரதி பண்ணும்போது அந்த வரியையும் விடாமல் எழுதினான்.

இரண்டு மாதத்தால் ஒரு கடிதம் வந்தது. தம்பி உயிரோடு இருந்தான், ஒரு புனர்வாழ்வு முகாமில். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மாடிக்கு ஓடி வந்த சத்தத்தில் கீழே புடவைக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். நான் வாசித்தேன். நாலு வரிதான். அம்மா எப்படி இருக்கிறா என்று கேட்டிருந்தான். ஐந்து வருடமாக அவனுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. நண்பன் முகாமுக்குப் போகும்போது நானும் கூடப் போகவா என்று கேட்டேன். "இல்ல, இத நான் சொல்லணும்" என்றான். போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

அடுத்த வருடம் தம்பி விடுதலையாகி வந்தான். இருபத்தாறு வயசு, நாற்பது மாதிரி இருந்தான். இடது காது செல் விழுந்து வெடித்த சத்தத்தில் போய்விட்டது. ஆரம்பத்தில் ஆட்களோடு கதைக்க மாட்டான். அண்ணன் படிப்பிக்கும்போது வகுப்பின் பின்வாங்கில் வந்து இருப்பான். எனக்கு அவனோடு எப்படிப் பழகுவது என்று தெரியவில்லை. அவனைப் பார்க்கும்போதெல்லாம் மாமாவின் வயல் வரம்பு நினைவில் வரும். தொண்ணூறில் அவனுக்கு ஐந்து வயசுதான் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொண்டபின் பழகலாம்.

ஒரு பகல் நாங்கள் இரண்டு பேரும் அந்த வருடப் பார்சலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவன் எழும்பி வந்து பக்கத்தில் நின்றான். அண்ணன் தன் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தான். அவன் அதை வலது காதில் மட்டும் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டான். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு.

"இதில ஆர் வெல்லுற?" என்று கேட்டான்.

"தெரியாது" என்றான் அண்ணன். "கதை விளங்குறதுக்குள்ள பாட்டு முடிஞ்சிரும்."

தம்பி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு இருந்தான். என்னைப் பார்த்து, "காக்கா, கொஞ்சம் சத்தத்தக் கூட்டுங்க" என்றான். கூட்டினேன்.

அந்த வருடக் கடைசியில் பட்டியல் போடும்போது அவனும் கூட இருந்தான். மூன்று தரம் கேட்க வேண்டும் என்ற விதியை அவனுக்குச் சொன்னோம். ஒரு காதால் கேட்பவன் ஆறு தரம் கேட்க வேண்டுமா என்று கேட்டான். முதல் ஆறு இடத்துக்கு வாயே திறக்கவில்லை. ஏழாம் இடத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரு அல்பத்தை, "இது சரியில்ல, பாடுறவன் மூச்சுக்குத் திணறுறான்" என்று சொல்லித் தள்ளிவிட்டு வேறொன்றைக் காட்டினான். ஒரு மணித்தியாலம் விவாதித்தோம். அவன் சொன்னதுதான் கொப்பியில் ஏறியது. அந்த ஏழாம் இடத்தில் எனக்கு இன்றைக்கும் உடன்பாடு இல்லை.